கபாலீச்சரத்து வீதியில் குரல்கள் வாழும் கடை

மேற்கே திருக்குளத்து நீரில் மாலை வெயில் மஞ்சள் பூசும் வேளையில், மயிலாப்பூர் கபாலீஸ்வரர் திருக்கோயிலில் கூட்டம் மெல்லக் கூடுகிறது. மேற்கு நோக்கி அருளும் கபாலீஸ்வரரை வணங்கி, தெற்கு நோக்கி நின்றருளும் கற்பகாம்பாள் சந்நிதியில் குங்குமம் பெற்று, தல விருட்சமாகிய புன்னையின் அடியில் அம்பிகை மயிலுருக் கொண்டு ஈசனைப் பூசித்த திருக்காட்சியைக் கண்டு, சிங்காரவேலரையும் தொழுது பக்தர்கள் வெளியே வருகிறார்கள்.

வெளியே வந்தவர்கள் உடனே வீடு திரும்பிவிடுவதில்லை. தெற்கு மாட வீதியில் காய்கறிக் கூடைகள் காத்திருக்கின்றன. நவராத்திரிக் காலமானால் வடக்கு மாட வீதி முழுவதும் கொலு பொம்மைகள். வெண்கல விளக்கு, பித்தளைக் குடம், பூத்தொடை, பஞ்சாங்கம், குங்குமம், கற்பூரம் என்று கோயிலோடு ஒட்டி வாழும் கடைகள் பல. அவற்றுள் ஒரு வகைக் கடையைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. காதே அழைத்துச் சென்றுவிடும். வாசலில் எப்போதும் ஏதேனும் ஒரு தோத்திரம் ஒலித்துக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் ‘ரிக்கார்டுக் கடை’ என்றும், பின்னர் ‘கேசட் கடை’ என்றும் மக்கள் வழங்கிய பக்திப் பாடல் கடை அது.

சுவாமி தரிசனம் முடிந்த கையோடு அந்தக் கடைப்படி ஏறுவது, மயிலைக்கு வரும் எத்தனையோ குடும்பங்களுக்கு யாத்திரையின் ஒரு பகுதியாகவே இருந்து வந்திருக்கிறது. திருநீறும் பூவும் ஒரு கையில். பாட்டு மற்றொரு கையில். இரண்டுமே வீட்டுப் பூஜையறைக்குச் செல்பவை.

பாட்டால் எழுந்த பூம்பாவை

இத்தகைய கடைகள் மயிலையில் தழைத்ததில் ஒரு பொருத்தம் உண்டு. இத்தலத்தின் பெருமையே ஒரு பாட்டின் பெருமைதானே.

சிவநேசர் என்னும் வணிகர், தம் மகள் பூம்பாவையைத் திருஞானசம்பந்தப் பெருமானுக்கு உரியவள் என்றே எண்ணி வளர்த்தார். நந்தவனத்தில் மலர் கொய்யச் சென்ற அப்பெண்ணை அரவம் தீண்டியது. மகளின் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்திலிட்டு, கன்னிமாடத்தில் வைத்துக் காத்துவந்தார் தந்தை. திருவொற்றியூரிலிருந்து சம்பந்தர் மயிலைக்கு எழுந்தருளியபோது, அக்குடம் கபாலீச்சரத்தின் முன் கொண்டுவந்து வைக்கப்பட்டது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம் என்று இத்தலத்து விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமலே போவாயோ என்று அப்பெண்ணை விளித்துப் பாடினார் பிள்ளையார். பதிகம் நிறைவை நெருங்கும் வேளையில் குடம் உடைய, பூம்பாவை எழுந்து நின்றாள் என்பது சேக்கிழார் பெருமான் உரைக்கும் வரலாறு. கோயிலுக்குள் பூம்பாவைக்குச் சந்நிதி உண்டு.

தந்தை செய்தது காத்துவைத்தல். அது மட்டுமே போதுமானதாக இல்லை. பாட வல்ல ஒருவர் வரவேண்டியிருந்தது. ஆயினும் குடத்தைக் காத்தவர் ஒருவர் இருந்திராவிட்டால், பாட வந்தவர் எதை நோக்கிப் பாடியிருப்பார்? மாட வீதியின் பாட்டுக் கடைகளை எண்ணும்போது இவ்வரலாறு நினைவில் எழுவது இயல்பே.

மிக அண்மைக் காலத்திலும் இவ்வீதிகள் பாட்டால் நிறைந்தவையே. மார்கழி வைகறைகளில் பாபநாசம் சிவன் பஜனை கோஷ்டியோடு பாடிக்கொண்டே வலம்வந்தது இந்த மாட வீதிகளில்தான். கபாலியையும் கற்பகத்தையும் அவர் பாடிய கீர்த்தனைகள், வீதியில் பிறந்து மேடைக்குச் சென்று, பின் இசைத்தட்டாகி மீண்டும் அதே வீதியின் கடைகளுக்கே வந்து சேர்ந்தன.

மூன்று நிமிடத் தட்டு

பாரத நாட்டில் வணிகத்துக்கான இசைப்பதிவு தொடங்கியது 1902இல். கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் அவ்வாண்டு பதிவாயிற்று. அக்காலத் தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். கை தவறிக் கீழே விழுந்தால் மண்பாண்டம்போல் உடைந்துவிடும்.

மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் முகத்தைக் காட்டி, பல்லவி பாடி, சரணம் முடிக்க வேண்டும். மணிக்கணக்கில் பாடிப் பழகிய வித்துவான்களுக்கு அது ஒரு தவம். அந்தத் தவத்தில் தேறியவர்களின் குரல் கிராமத்துத் திண்ணைகளையும் எட்டியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடி தமிழகமெங்கும் புகழ்பெற்றது இசைத்தட்டால்தான். கே.பி. சுந்தராம்பாளின் குரலும் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலும் நாடகக் கொட்டகையைக் காணாதவர்களின் வீட்டுக்கும் வந்தன. 1926இல், பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோதே, மதுரை சண்முகவடிவின் மகள் சுப்புலட்சுமியின் குரல் முதன்முதலாகத் தட்டில் பதிவாயிற்று.

சென்னையில் இத்தொழில் மவுண்ட் ரோட்டை மையமாகக் கொண்டு வளர்ந்தது. பின்னாளில் படவுலகில் பெரும்புகழ் பெற்ற ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், அதற்கு முன் இறங்கிய தொழில் இசைத்தட்டு வணிகமே. 1930களில் கூட்டாளிகளோடு அவர் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், தென்னகத்தின் பல குரல்களை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. பழைய தட்டுகளை விரும்புவோர் மூர் மார்க்கெட்டை நாடினர். 1985இல் அக்கட்டடம் தீக்கிரையானபோது, நூல்களோடு இசைத்தட்டுக் குவியல்களைத் தேடியலையும் இன்பமும் பலருக்குப் பறிபோயிற்று.

மவுண்ட் ரோட்டுக் கடைக்குச் செல்பவர் பாட்டு வாங்கச் சென்றார். மயிலைக் கடைக்கு வருபவரோ கோயிலுக்கு வந்த கால்களோடு, திருநீற்று நெற்றியோடு வந்தார். இங்கே விற்பனைக்கு வைத்திருந்தவையும் அதற்கேற்ப அமைந்தன. தேவாரம், திருப்புகழ், திவ்வியப் பிரபந்தம், வேத பாராயணம், சகஸ்ரநாமம், கவசம், அந்தாதி என்று அடுக்குகளே ஒரு சிறு பாடசாலைபோல் வரிசைப்பட்டன.

வைகறையில் ஒலித்த குரல்

நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டு வந்த பிறகு பக்தி இசைக்கு ஒரு புதிய வாயில் திறந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேலாகப் பதிவு செய்யலாம் என்றானபோது, முழுத் தோத்திரத்தையே இடைவெட்டு இல்லாமல் பாடும் வாய்ப்புக் கிட்டியது.

1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் தட்டாக வெளிவந்தது. மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியார் 15ஆம் நூற்றாண்டில் அருளிய அத்துதி, அதுவரை திருமலைச் சந்நிதியிலும் வைணவத் திருமாளிகைகளிலும் வைகறையில் ஒலித்தது. தட்டு வந்தபின், வாசல் தெளித்துக் கோலமிடும் ஒவ்வொரு வீட்டிலும் ஒலிக்கலாயிற்று. அந்தத் தட்டின் உரிமைத் தொகை திருமலை தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே செல்லுமாறு அவ்வம்மையார் அளித்துவிட்டார். கடையில் ஒரு தட்டு விலைபோனால், எங்கோ ஒரு வித்தியார்த்தியின் அத்தியயனத்துக்கு அதில் ஒரு பங்கு.

சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும் பாடிய கந்த சஷ்டி கவசமும் அவ்வாறே. தேவராய சுவாமிகள் இயற்றிய அக்கவசத்தைப் புத்தகம் பார்த்துப் படித்தவர்கள், அச்சகோதரிகளின் குரலோடு சேர்ந்து சொல்லிச் சொல்லியே மனப்பாடம் செய்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியர் பலர் கவசத்தை முழுமையாக ஒப்பிப்பதற்கு அத்தட்டே ஆசான். சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரல் விநாயகருக்கு என்றும், டி.எம். சௌந்தரராஜனின் உருக்கம் முருகனுக்கு என்றும் வீடுகளில் ஒரு வழக்கமே ஏற்பட்டது. தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்களின் திருமுறைப் பதிவுகள், ஓதுவார் இல்லாத ஊர்களிலும் பண்ணோடு கூடிய தேவாரத்தை ஒலிக்கச் செய்தன.

அட்டையைத் திருப்பிப் பார்ப்பது தனி இன்பம். பாடலின் பெயர், இயற்றியவர், ராகம், தாளம், பக்கவாத்தியக் கலைஞர்கள் என யாவும் அங்கே அச்சாகியிருக்கும். பஜகோவிந்தப் பதிவின் தொடக்கத்தில் ராஜாஜியின் ஆங்கில முன்னுரை ஒலிக்கும் என்பதை அட்டையைப் படித்தே அறிந்துகொண்டு, அதைக் கேட்பதற்காகவே வாங்கியவர்கள் உண்டு.

அரை வரி முணுமுணுப்பு

ஆயினும் கடையின் ஈர்ப்பு அடுக்குகளில் மட்டும் இல்லை. அடுக்குகளின் முன் நிற்பவரிடம் இருந்தது.

ஒரு மாமி வருகிறார். தேடும் பாட்டின் பெயர் தெரியாது. பாடியவர் பெயரும் நினைவில்லை. “முருகன் பாட்டுதான். நடுவிலே மணி அடிக்கிற மாதிரி வரும்” என்கிறார். கடைக்காரர் சிரிப்பதில்லை.

“ஆண் குரலா மாமி, பெண் குரலா?”

“ஆண் குரல். கனமான குரல்.”

“கோரஸ் உண்டா?”

மாமி சற்று யோசித்து, கூச்சத்தோடு அரை வரியை முணுமுணுக்கிறார். சுருதி சேரவில்லை, சொற்களும் முன்பின்னாக வருகின்றன. கடைக்காரர் கண்களை மூடிக் கேட்டுவிட்டு, ஏணியில் ஏறி, மேல் அடுக்கின் மூலையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துத் தூசு தட்டி ஓட விடுகிறார். முதல் தாள ஒலியிலேயே மாமியின் முகம் மாறுகிறது.

“இதுதான். எங்காத்து மாமா செவ்வாய்க்கிழமை தவறாமல் போடுவார். அவர் போய் ஏழு வருஷமாச்சு.”

பாட்டு முடியும்வரை கடையில் யாரும் பேசுவதில்லை. அடுத்து நிற்பவரும் அவசரப்படுவதில்லை. விலையைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான்.

இத்தகைய கடைகளில் நின்றவர்கள் ஏதேனும் ஒரு வடிவில் கண்டிருக்கக்கூடிய காட்சி இது. கடைக்காரர் சங்கீதம் பயின்றவராக இருக்க வேண்டியதில்லை. நாள் முழுதும், ஆண்டு முழுதும் கேட்டுக் கேட்டே அவர் காது தேறியிருந்தது. எந்தச் சகஸ்ரநாமப் பதிவு பாராயணம் செய்பவருக்கு ஏற்ற நிதானத்தில் செல்லும், எது விரைவாகச் செல்லும், எந்த ருத்ரப் பதிவில் ஸ்வரம் பிசகாமல் இருக்கிறது, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எது எளிது என்றெல்லாம் அவர் அறிவார். பெண்ணுக்குச் சீராக வாங்க வந்தவருக்கு ஒன்றும், நோயுற்றிருக்கும் தகப்பனார் தலைமாட்டில் ஒலிக்க வேண்டும் என்று வந்தவருக்கு மற்றொன்றும் எடுத்துக் கொடுப்பார். விலை கூடியதை விற்பதைக் காட்டிலும், உரியதைக் கொடுப்பதே அவருக்கு நிறைவு.

கேட்டுப் பார்த்து வாங்கும் வழக்கமும் அருமையானது. ஒருவர் கேட்க விரும்பிய பாட்டைக் கடையிலிருந்த பத்துப் பேரும் கேட்டார்கள். அபிராமி அந்தாதி வாங்க வந்தவர், வேறொருவருக்காக ஒலித்த திருவாசகத்தில் மனம் கரைந்து அதையும் வாங்கிச் சென்றார். சைவர் கையில் பாசுரமும், வைணவர் கையில் திருப்புகழும் சேர்ந்தது இப்படித்தான்.

1951இல் மும்பையில் தொடங்கி, பின்னர் மயிலைக் கோயிலருகிலும் வேரூன்றிய கிரி டிரேடிங் ஏஜென்சி இவ்வட்டாரத்தில் பலரும் அறிந்த பெயர். ஆன்மிக நூல், பூஜைப் பொருள், ஒலித்தட்டு மூன்றையும் ஒரே கூரையின் கீழ் தேடிக்கொள்ள அங்கே வெளியூர் அன்பர்களும் வருகிறார்கள். அத்தகைய பெரிய நிலையமாயினும் சரி, ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய இயலாத சிறு கடையாயினும் சரி, வருபவர் எதிர்பார்ப்பது ஒன்றே. தாம் பாதி மறந்துவிட்ட பாட்டை, மீதி நினைவு வைத்திருக்கும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

ஏடும் செப்பேடும் சொல்லும் பாடம்

பாட்டைக் காப்பது என்பது இந்நாட்டில் புதிய கவலையன்று. தில்லைத் திருக்கோயிலில் ஓர் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியின் துணையோடு ராஜராஜ மன்னர் தேடிச் சென்றபோது, ஏடுகளின்மேல் புற்று மூடியிருந்தது. எண்ணெய் வார்த்து எடுத்தபோது கிடைத்தவை ஒரு பகுதியே. அதன் பிறகும் கவலை தீரவில்லை. சொற்கள் கிடைத்தன, அவற்றுக்குரிய பண் எங்கே? திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி திருஎருக்கத்தம்புலியூரில் வாழ்வதை அறிந்து, அவர் வாயிலாகவே பண்கள் வகுக்கப்பட்டன என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது.

திருமலையிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியரின் ஆயிரக்கணக்கான சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, கோயிலுக்குள் ஒரு கல்லறையில் நெடுங்காலம் கிடந்தன. 1922இல் அவை வெளிப்பட்டன. செம்பு சாஹித்தியத்தையும் ராகத்தின் பெயரையும் காத்திருந்தது. அவர் பாடிய மெட்டைக் காக்கச் செம்பால் இயலவில்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற வித்துவான்கள் புதிதாக மெட்டமைத்தே அப்பாடல்களுக்கு உயிர் கொடுத்தார்கள். பின்னர் எம்.எஸ். அம்மையார் பாடி, தேவஸ்தானத்தின் முயற்சியால் ஐந்து தட்டுகளாக வந்த பஞ்சரத்னமாலையில் அன்னமாசாரியர் வீடுதோறும் எழுந்தருளினார்.

ஓலை சொல்லைக் காத்தது. செம்பும் சொல்லையே காத்தது. குரலின் குழைவையும் மூச்சின் இடைவெளியையும், ‘முருகா’ என்னும்போது உண்டாகும் தழுதழுப்பையும் காத்தது இசைத்தட்டு ஒன்றே. ஆதலால்தான் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் வெறும் பண்டமாகக் கருதவில்லை. பூஜையறை அலமாரியில், புத்தகங்களோடு சேர்த்து, சரஸ்வதி பூஜையன்று சந்தனம் குங்குமம் இட்டு வைத்தார்கள்.

பரணில் உறங்கும் பேழைகள்

1980களில் கேசட் பரவியது. பதிவுச் செலவு குறைந்தது. பெரும் நிறுவனங்கள் எட்டிப் பாராத சிறு தலங்களின் துதிகளும் அப்போது வெளிவந்தன. கிராம தேவதையின் தாலாட்டு, குலதெய்வத்தின் வர்ணிப்பு, ஒரே ஓர் ஊரில் மட்டும் பாடப்படும் கும்மி எனப் பலவும், உள்ளூர் அன்பர்கள் நன்கொடை திரட்டிச் சில நூறு பிரதிகள் மட்டும் பதிவு செய்து, கோயில் வாசல் கடையில் வைத்தவை.

அதே கடையில் வெற்றுக் கேசட்டுகளும் கிடைத்தன. அறுபது நிமிடம், தொண்ணூறு நிமிடம் என இரு வகை. அவற்றை வாங்கிச் சென்று வீட்டிலேயே பதிவு செய்தவை எத்தனை! பாட்டி பாடிய நலங்குப் பாட்டு, ஊர் ஓதுவாரின் திருத்தாண்டகம், ராதா கல்யாணத்தன்று பாகவதர் பாடிய அஷ்டபதி, தாத்தா தம் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்த புருஷ சூக்தம். இடையில் காகம் கரையும். பால்காரர் மணி ஒலிக்கும். யாரோ “காபி ஆறிடப் போறது” என்பார். அவையும் இன்று பொருள் பொதிந்தவை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. கேசட்டுக்குப் பின் குறுந்தட்டு வந்தது. அதற்கும் இன்று இடம் சுருங்கிவிட்டது. அது நின்ற அடுக்குகளில் ஓயாமல் நாமம் ஒலிக்கும் சிறு மந்திரப் பெட்டிகளும், விரல் நீளப் பென்டிரைவ்களும் அமர்ந்துள்ளன. கைப்பேசியில் தேடினால் நூற்றுக்கணக்கான சுப்ரபாதங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. நடக்க இயலாத முதியவர்களுக்கு அது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. படுக்கையில் இருந்தபடியே திருமுறை கேட்க முடிகிறது என்றால் அதுவும் இறையருளே.

ஆனால் கைப்பேசிக்கு அரை வரி முணுமுணுப்பைக் கேட்டு, “மாமா செவ்வாய்க்கிழமை போடுவாரே, அதுவா?” என்று வினவத் தெரியாது. இயற்றியவர் யார், பாடியவர் யார் என்னும் குறிப்பே இல்லாமல் அங்கே உலவும் பாடல்கள் பல. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சில நூறு பிரதிகளோடு நின்றுபோன சிற்றூர்த் துதிகளும், வீட்டில் பதிவான பாட்டியின் குரலும் எந்த வலையிலும் ஏறியதில்லை. அவை இருக்குமிடம் பரணிலுள்ள தகரப் பெட்டி ஒன்றே. காந்த நாடா நாளடைவில் நலியும். ஈரம் பட்டால் வெண்ணிறப் பூஞ்சை படரும். தில்லையில் ஏடுகளை மூடிய புற்று, நம் வீட்டுப் பரணில் இப்படி வேறு வடிவில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதற்குச் செய்ய வேண்டியது கடினமன்று. இசைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வெயிலும் அனலும் படலாகாது. கேசட்டுகளை ஒலிபெருக்கியின் அருகிலோ காந்தம் உள்ள இடத்திலோ வைக்கக் கூடாது. நெடுநாள் ஓடாத நாடாவை ஒருமுறை முழுதும் முன்னோட்டிப் பின்னோட்டி வைப்பது நல்லது. பூஞ்சை படர்ந்ததை அப்படியே ஓட விட்டால் நாடா சிதைவதோடு கருவியும் கெடும். அதை விவரம் அறிந்தவரிடமே கொடுத்தல் வேண்டும். பழைய பதிவுகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றித் தருவோர் நகரங்களில் இருக்கிறார்கள். யாரிடம் கொடுக்கலாம் என்று பழைய கடைக்காரரைக் கேட்டால் வழி கிடைக்கக்கூடும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, பெட்டியின்மேல் எழுதி வைப்பது. பாடியது யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன விசேஷம் என்று நான்கு வரி. அதை எழுதக்கூடியவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்த பெரியவர்களே. குரலைக் கேட்டவுடன் “இது என் அத்தை” என்று சொல்ல வல்லவர் இருக்கும்வரைதான் அது அத்தையின் குரல். அவருக்குப் பின் அது பெயரில்லாத ஒலியாகிவிடும்.

வீடு திரும்பும் பிரசாதம்

மயிலையில் இருள் கவிந்து, கிழக்குக் கோபுரத்தின் விளக்குகள் ஒளிர்கின்றன. 120 அடி உயர்ந்து நிற்கும் அதன் சுதைச் சிற்பங்களிடையே மாடப்புறாக்கள் அடங்குகின்றன. கடைவாசலில் பாட்டு மாறுகிறது. பள்ளிச் சீருடை கலையாத ஒரு சிறுமியின் கையைப் பற்றிக்கொண்டு முதியவர் ஒருவர் படியேறுகிறார். சிறுமி கேட்கிறாள்: “தாத்தா, இதெல்லாம் போன்லயே இருக்கே?”

“இருக்கு குழந்தை. ஆனா எது நம்மாத்துப் பாட்டுன்னு அதுக்குத் தெரியாதே. நான்தானே உனக்குச் சொல்லணும்” என்கிறார் அவர்.

கடைக்காரர் ஒரு குறுந்தட்டை எடுத்துத் துடைத்து ஓட விடுகிறார். தாத்தா உதட்டசைத்துக் கூடவே சொல்கிறார். மூன்றாவது அடியில் சிறுமியின் உதடும் அசையத் தொடங்குகிறது.

பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் எழுந்தருளும் நாளில் மயிலைக்கு வருவோர் பல்லாயிரவர். அன்று பூம்பாவை உயிர்பெற்றெழுந்த ஐதிகமும் கொண்டாடப்படுகிறது. அவ்விழாவைக் காண வரும் அன்பர்கள், தரிசனம் முடித்துத் திரும்புகையில் மாட வீதியின் ஒரு பாட்டுக் கடைப்படியில் சற்றே நிற்கலாம். தம் வீட்டுப் பெரியோர் பாடிய பாட்டு ஒன்றை நினைவிலிருந்து முணுமுணுத்துப் பார்க்கலாம். அடுக்கின் மூலையில் அது இன்னும் இருக்கக்கூடும். இல்லையாயினும், முணுமுணுத்தபோது அருகில் நின்ற பேரக்குழந்தையின் செவியில் அது விழுந்திருக்கும்.

குடத்தில் இருந்ததைப் பாட்டால் எழுப்பிய பிள்ளையாரின் கருணையும், அப்பாட்டுக்குச் செவிசாய்த்த கபாலீஸ்வரரின் அருளும், பரணில் உறங்கும் குரல்களையும் எழுப்பட்டும்.